சைக்கிளுக்குச் சனிக்கிழமை எண்ணெய்

ஆச்சியின் கையில் வெண்கலக் கிண்ணம் இருந்தது. அதில் இளஞ்சூட்டில் எண்ணெய். சைக்கிளின் பின்சக்கரத்து நடுவில், எண்ணெய் விடுவதற்கென்றே ஒரு சின்னத் துளை உண்டு. அதை என் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு நான் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன்.

"கைய எடு ராக்கு. எண்ணெ ஆறிருச்சுன்னா உள்ள எறங்காது."

"வேணாம் ஆச்சி. இனிமே இதுக்கு எண்ணெ விடாதீக."

கோயிலுக்கு மாலை கொண்டுவந்தவரை வாசலில் மறித்து, சாமிக்குப் பூ ஆகாது என்று சொன்னால் எப்படிப் பார்ப்பார்? உமையாள் ஆச்சி என்னை அப்படித்தான் பார்த்தார்.

அன்றைக்கு அந்த விரலை எடுத்திருந்தால் என் வேலை போயிருக்கும். எடுக்காததால் சைக்கிளே போகப் பார்த்தது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்த கதையைத்தான் இந்த வாரம் சொல்ல வேண்டும்.

சென்ற வாரம், டிரெயினிங் ஸ்கூல் ஹாஸ்டலில் நான் சைக்கிள் பழகியதை எழுதியிருந்தேன். "எத்தனை தடவை விழுந்தீர்கள் என்று மட்டும் எழுதவில்லையே" என்று ஒரு வாசகி மடக்கியிருக்கிறார். எண்ணவில்லை அம்மா. முழங்காலில் தழும்புகள் இருக்கின்றன, நேரில் வந்தால் நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

சிவப்புக் கோடு

அறுபதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு வருஷம் முன்னே பின்னே இருக்கலாம். எங்கள் வீடு காரைக்குடியில், எனக்கு வேலை அமராவதிபுதூரில். நாலு மைலுக்குக் கொஞ்சம் கூட. ஒரு டீச்சர் பிரசவ விடுப்பில் போக, அவர் இடத்தில் தற்காலிகமாக என்னைப் போட்டிருந்தார்கள்.

போன டீச்சர் திரும்பி வரவில்லை. கணவருக்கு வெளியூரில் வேலையாகி அங்கேயே தங்கிவிட்டார். அந்த இடம் எனக்கே நிரந்தரமாகக் கிடைக்கும் என்ற பேச்சு கிளம்பியது. தலைமையாசிரியை என்னைப் பற்றி நல்லபடியாக நாலு வரி எழுதி அனுப்பினால் போதும். அவரை நாங்கள் பெரிய டீச்சர் என்போம்.

பெரிய டீச்சருக்கு என்மேல் கோபம் ஒன்றும் கிடையாது. ஆனால் கடிகாரத்தின் மேல் அளவு கடந்த மரியாதை. ஒன்பது மணிக்கு மணி அடித்ததும் வருகைப் பதிவேட்டை எடுத்து, வராதவர் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு போடுவார். பிறகு வந்து எவ்வளவு பதவிசாகக் கையெழுத்துப் போட்டாலும் அந்தக் கோட்டுக்கு மேல்தான் போட வேண்டும்.

காலையில் எனக்கு ஒரே ஒரு பஸ். அது காரைக்குடியில் புறப்படும் நேரம் என்பது டிரைவர் காபி குடித்து முடிக்கும் நேரம். அவர் சூடாகக் குடிக்க மாட்டார். ஆனி முடிவதற்குள் என் பெயருக்குக் கீழே இரண்டு சிவப்புக் கோடுகள் விழுந்துவிட்டன.

வீட்டிலோ வேறு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் அப்பாவை அய்யா என்றும் அம்மாவை ஆத்தா என்றும் கூப்பிடுவோம். அய்யா விவசாயி. என்னைப் படிக்கவைத்ததே பெரிய காரியம் என்று ஊர் அவரிடம் சொல்லிச் சொல்லி, அவரும் அதை நம்பத் தொடங்கியிருந்தார். "வேல நிலைச்சா சரி. நிலைக்கலைன்னா அந்த நெற்குப்பைப் பக்கத்து வரனை முடிச்சுருவோம்" என்றார். ஜாதகம் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. அந்த மாப்பிள்ளை மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவரை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் என் பெயருக்குப் பின்னால் 'டீச்சர்' என்று பிள்ளைகள் சேர்த்துக் கூப்பிட்டதைக் கேட்டுவிட்ட பிறகு, வெறும் ராக்கம்மாளாகத் திரும்பிப் போக எனக்கு மனசில்லை.

அப்போதுதான் ஆச்சி வீட்டுச் சைக்கிள் ஞாபகத்துக்கு வந்தது.

மலாயாவிலிருந்து வந்த பெண் வண்டி

ஆச்சி என்றதும் வெள்ளைத் தலையை நினைத்துவிடாதீர்கள். செட்டியார் வீடுகளில் கல்யாணமாகிவிட்டால் இருபது வயதுப் பெண்ணும் ஆச்சிதான். உமையாள் ஆச்சிக்கு அப்போது நாற்பதுகூட ஆகியிருக்காது. எங்கள் நிலம் ஒரு காலத்தில் அவர்கள் நிலத்தை ஒட்டி இருந்தது, அந்தப் பழக்கத்தில் நான் சின்னதிலிருந்தே அந்த வீட்டுக்குள் போய் வருவேன்.

செட்டியார் பினாங்கில் கடை வைத்திருந்தார். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வருவார், மூன்று மாதம் இருப்பார், போய்விடுவார். மகன்கள் இரண்டு பேரும் மதராஸில் ஹாஸ்டலில். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் அந்த வீட்டில், ஆச்சியும் சமையலுக்கு ஒரு அம்மாளும் மட்டும்தான்.

அந்த வீட்டின் இரண்டாம் கட்டில், உள்முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றது அந்தப் பச்சைச் சைக்கிள். கப்பலில் வந்தது. கைப்பிடியில் ஒரு குட்டி லீவர், அதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள். காரைக்குடியிலேயே கியர் வைத்த சைக்கிள் அது ஒன்றுதான் என்று சொல்லிக்கொள்வார்கள். அதைவிடப் பெரிய அதிசயம், அது நடுக்கம்பி இல்லாத பெண்கள் சைக்கிள். பெண் பிள்ளை பிறக்கும் என்று செட்டியார் முன்கூட்டியே வாங்கிவிட்டார் என்று ஒரு கட்சி. கடையில் அதுதான் மலிவாகக் கிடைத்திருக்கும் என்று இன்னொரு கட்சி. ஆச்சியிடம் யாரும் கேட்டதில்லை.

நான் போய்க் கேட்டேன், வண்டியைத்தான்.

ஆச்சி இரண்டாம் கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஒனக்கு ஓட்டத் தெரியுமா?" என்றார்.

"தெரியும் ஆச்சி. டிரெயினிங்ல பழகுனேன்."

"எடுத்துக்க. ஆனா சனிக்கிழம காலையில வண்டி இங்க இருக்கணும். எண்ணெ விடணும்."

நான் தலையை ஆட்டினேன். வண்டி கிடைத்தால் போதும், சனிக்கிழமை ஆச்சி அதற்குப் பொங்கலே வைத்தாலும் எனக்குச் சம்மதம்.

கனத்த மிதி

கியர் விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. லீவரை ஒன்றில் வைத்தால் மிதிப்பது லேசு, வண்டி மெதுவாகப் போகும். மேட்டுக்கும் எதிர்க்காற்றுக்கும் அது. மூன்றில் வைத்தால் ஒரே மிதிக்கு வண்டி வெகுதூரம் போகும், ஆனால் மிதி கனம். லீவரை நகர்த்தினால் ஒரு கம்பி இழுபடும். அந்தக் கம்பி பின்சக்கரத்தின் நடுவிலிருந்து எட்டிப்பார்க்கும் ஒரு விரல்நீளச் சங்கிலியை இழுக்கும். அது உள்ளே என்னவோ செய்து மிதியை லேசாக்கும். இழுபடாமல் விட்டுவிட்டால் வண்டி எப்போதும் மூன்றிலேயே கிடக்கும்.

ஆச்சி வீட்டு வண்டி மூன்றிலேயே கிடந்தது. லீவர் அசையவே அசையாது. இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினால் ஒரு நூல் நகரும், விட்டால் அங்கேயே சோம்பேறியாக நிற்கும். கம்பி போகும், சங்கிலி வராது.

வந்ததோ ஆடி மாதம். ஆடிக் காற்றைப் பற்றி நம் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செம்மண்ணை அள்ளி முகத்தில் அடிக்கும், சேலைத் தலைப்பைக் கொடியாக்கும். அந்தக் காற்றுக்கு எதிரே, மூன்றாம் கியரில், நாலு மைல். ஊருக்கு முன்னால் கண்மாய்க் கரையில் ரோடு ஏறும். வீம்புக்கு ஏறி மிதித்துப் பார்த்தேன், பாதி மேட்டில் கெண்டைக்கால் கல்லாக இறுகி வண்டியோடு சாய்ந்தேன். அதற்குப் பிறகு இறங்கித் தள்ளினேன். தள்ளினால் நேரம் போகும்.

மூன்றாவது சிவப்புக் கோடு விழுந்தது.

"ராக்கம்மா டீச்சர், எனக்கு உங்க வகுப்பு பிடிக்குது, பிள்ளைகளுக்கும் பிடிக்குது" என்றார் பெரிய டீச்சர். "ஆனா செவ்வாக்கெழமை நான் எழுதி அனுப்பணும். திங்கக்கெழமை வரைக்கும் இன்னொரு கோடு விழாம பாத்துக்கங்க. விழுந்துச்சுன்னா, அதையும் சேத்துத்தான் எழுதுவேன்."

அதட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் வருத்தத்தோடு சொன்னதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது.

இதற்கு நடுவே இரண்டு சனிக்கிழமைகள் வந்து போயின. சொன்ன சொல் தவறாமல் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஆச்சி கிண்ணத்தோடு வருவார். லீவரில் கொஞ்சம், கம்பி நுழையும் வாயில் கொஞ்சம், சங்கிலியில் கொஞ்சம், மிச்சத்தைப் பின்சக்கரத்துத் துளையில். நான்தான் வண்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். டீச்சர் உத்தியோகம் பார்க்கிறவளுக்கு மூளை எங்கே போயிருந்தது என்று கேட்காதீர்கள். எண்ணெய் விட்டால் நல்லதுதானே என்று நானும் சும்மா இருந்தேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் லீவர் முன்னைவிட இறுக்கமாக இருந்தது.

வாடகைச் சைக்கிள் கடை காசிம் பாயிடம் காட்டினேன். அவர் நல்ல வேலைக்காரர். ஆனால் கியர் வண்டியை அவரும் அன்றைக்குத்தான் கையால் தொடுகிறார். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், லீவரை அழுத்திப் பார்த்தார், முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டீச்சரம்மா, இதுக்குள்ள என்ன இருக்குன்னு அல்லாவுக்குத்தான் தெரியும். அந்தக் கம்பிய வெட்டி எறிஞ்சுட்டு, சாதா வீலு ஒண்ணு மாட்டிருவோம். அங்குட்டு இங்குட்டு யோசிக்காம ஓட்டிக்கிட்டுப் போகலாம்."

ஆச்சியிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் சுண்டிவிட்டது. "அவுக அனுப்புன வீலு அது" என்று மட்டும் சொன்னார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தட்டில் மிதந்தது

அந்த வெள்ளிக்கிழமை ஏதோ உள்ளூர் விடுமுறை. கைவசம் இருந்தது அந்த ஒரு நாள்தான். வண்டியை எங்கள் வீட்டுக் கொல்லையில், வேப்பமரத்து நிழலில் சாய்த்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். கையில் ஒரு குறடு, மனசில் அசட்டுத் தைரியம்.

கம்பியையும் சங்கிலியையும் சேர்க்கும் இடத்தில் ஒரு குட்டி நட்டு. அதைக் கழற்றினேன். சங்கிலியைத் திருகினேன், சுலபத்தில் வரவில்லை. துணியைச் சுற்றிப் பிடித்து முறுக்கியதும் மெல்ல வெளியே வந்தது. கையில் எடுத்துப் பார்த்தால் அது சங்கிலியாகவே இல்லை. கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டி, குச்சி மாதிரி விறைத்து நின்றது. மேலே பழுப்பாக ஒரு பிசின். நகத்தால் சுரண்டினால் சுருள் சுருளாக வந்தது.

மோந்து பார்த்தேன்.

எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. தீபாவளிக்குப் பலகாரம் சுட்டுவிட்டு, கழுவ மறந்து பரணில் ஏற்றிய இருப்புச் சட்டியை மறு வருஷம் இறக்கினால் இந்த வாசனைதான் வரும். அந்தச் சட்டியின் விளிம்பில் இந்தப் பிசின்தான் இருக்கும். காறிப்போன நல்லெண்ணெய்!

அப்போதும் எனக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. ஒரு பீங்கான் தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி அந்தச் சங்கிலியை ஊறப்போட்டேன். ரேஷன் மண்ணெண்ணெய் போகிறதே என்று ஆத்தா அடுப்படியிலிருந்து ஒரு பாட்டுப் பாடினார். கொஞ்ச நேரத்தில் பிசின் கரைந்து பழுப்பாகப் பிரிந்தது. கண்ணிகள் ஒவ்வொன்றாக மடங்க ஆரம்பித்தன. கண்ணி இடுக்கிலிருந்து என்னவோ ஒன்று விடுபட்டுத் தட்டில் மிதந்தது.

சீரகம்.

ஆத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, சந்தேகமே இல்லாமல், "தலைக்குக் காய்ச்சுற எண்ணெல போட்ட சீரகம்டி" என்றார்.

இந்த இடத்தில் நம் எண்ணெய்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மற்ற எண்ணெய்களுக்கெல்லாம் ஒரு முன்பெயர் உண்டு. தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய். முன்பெயர் ஒன்றும் இல்லாமல் வெறுமனே 'எண்ணெய்' என்றால் எங்கள் பக்கம் அது நல்லெண்ணெய்தான், செக்கில் ஆட்டியது. கடையில் போய் "எண்ணெ குடுங்க" என்றால் கடைக்காரர் மறுகேள்வி கேட்க மாட்டார். எள்ளிலிருந்து வருவதுதானே எண்ணெய், மிச்சமெல்லாம் பிற்பாடு அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டவை.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் பெண்களுக்கு வெள்ளிக்கிழமை, ஆண்களுக்குச் சனிக்கிழமை. எண்ணெயில் கொஞ்சம் சீரகமும் நாலு மிளகும் போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டில் தலையில் வைப்பார்கள். செட்டியாரோ கடலுக்கு அந்தப் பக்கம். வீட்டு ஆம்பளைக்குச் சனிக்கிழமை காய்ச்ச வேண்டிய எண்ணெயை ஆச்சி அவருடைய சைக்கிளுக்குக் காய்ச்சியிருக்கிறார். வாரம் தவறாமல், வருஷக்கணக்காக. இது எனக்கு விளங்கியதும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுபோனது.

விளங்கிய பிறகு வேலை சுலபமாகத்தான் இருந்தது. பின்சக்கரத்துத் துளையில் மண்ணெண்ணெயை விட்டு, சக்கரத்தைச் சுற்று சுற்றென்று சுற்றி, வண்டியைப் படுக்கவைத்து வடியவிட்டேன். முதல் தடவை கருங்காப்பி மாதிரி வந்தது, நாலாவது தடவை தெளிந்துவிட்டது. கம்பியை அதன் உறையிலிருந்து உருவித் துடைத்தேன். உறையைக் கொடியில் தொங்கவிட்டு அதன் வழியாகவும் மண்ணெண்ணெய் ஒழுகவிட்டேன். எல்லாம் காய்ந்த பிறகு, ஆத்தாவின் தையல் மெஷினுக்கு வைத்திருந்த எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். அது தண்ணீர் மாதிரி மெல்லிசு, எத்தனை நாளானாலும் பிசுக்குப் பிடிக்காது.

திரும்ப மாட்டும்போதுதான் ரொம்பப் படுத்திவிட்டது. குட்டி நட்டை ஒரு சுற்று அதிகம் வைத்தால் மூன்று வராது, ஒரு சுற்றுக் குறைத்தால் ஒன்று வராது. லீவரை இரண்டில் வைத்துக்கொண்டு நட்டைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி, கடைசியில் மூன்றும் சரியாக விழுந்தபோது அந்தச் சின்ன 'டக்' சத்தத்துக்கு நான் கொல்லையில் தனியாகக் கைதட்டினேன்.

மறுநாள் சனிக்கிழமை.

விரலை எடுத்த பிறகு

யோசித்துப் பார்த்தேன். சொல்லாமலே இருந்துவிடலாம். ஆச்சி காலையில் ஊற்றட்டும், சாயங்காலம் நான் கழுவிக்கொள்கிறேன். ஆனால் ஆத்தாவின் ரேஷன் மண்ணெண்ணெய் அதற்குத் தாங்காது. என் மனசும் தாங்காது. அன்பாக ஊற்றுகிறவருக்குத் தெரியாமல் வாராவாரம் அதைக் கழுவிக் கொட்டுவது திருட்டைவிட மோசமாகப் பட்டது.

அதனால்தான் கட்டைவிரலை வைத்தேன். சொன்னேன். சங்கிலியில் இருந்த பிசின், சீரகம், மண்ணெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், எல்லாவற்றையும் சொன்னேன். லீவரை ஒன்று, இரண்டு, மூன்று என்று நகர்த்தியும் காட்டினேன்.

ஆச்சி லீவரைப் பார்க்கவில்லை. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வண்டிய அனுப்பிச்சு அவுக எழுதுன காயிதத்துல, வாரம் ஒரு தடவ எண்ணெ விடச் சொல்லி எழுதியிருந்தாக" என்றார். "எந்த எண்ணென்னு எழுதல."

"அவுகளுக்கு அங்குட்டு ஒரே எண்ணெதான் ஆச்சி, கடையில டப்பாவுல விக்கிறது. இங்குட்டு எண்ணென்னா நமக்கு..."

"யாரைக் கேட்டு அவுத்த?"

நான் லீவரிலிருந்து கையை எடுத்தேன்.

"என் வண்டிய யாரைக் கேட்டு அவுத்த ராக்கு? பதினோரு வருஷமா இதை ஒரு ஆளு தொட்டதில்ல. ஒனக்கு ஓட்டத்தான் குடுத்தேன்."

"ஆச்சி, திங்கக்கெழமை..."

"வண்டி இருக்கட்டும். நீ வீட்டுக்குப் போ."

குரலை உயர்த்தவே இல்லை. நான் வெளியே வந்தேன். முகப்பைத் தாண்டித் தெருவில் இறங்கும்போது கண் மறைத்தது. வேலைக்காக அழுதேனா, ஆச்சிக்காக அழுதேனா என்று கேட்டால், அப்போது வேலைக்காகத்தான். பொய் சொல்ல விரும்பவில்லை. ஆச்சிக்கான அழுகை வீட்டுக்கு வந்து படுத்த பிறகு வந்தது. பதினோரு வருஷம் பார்த்துப் பார்த்துச் செய்ததையெல்லாம், நேற்றுக் குறடு பிடிக்கக் கற்றுக்கொண்ட ஒருத்தி ஒரு காலைப்பொழுதில் தப்பென்று சொல்லிவிட்டுப் போனால் யாருக்குத்தான் பொறுக்கும்?

பந்தி ஹாலில் ஒரு சத்தம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மன்னிப்புக் கேட்கப் போனேன். வண்டியைக் கேட்பதற்கும்தான். எதை முதலில் கேட்பது என்று வழியெல்லாம் ஒத்திகை.

முன்கட்டில் யாரும் இல்லை. இரண்டாம் கட்டில் சைக்கிள் இல்லை, போர்வை மட்டும் மடித்து வைத்திருந்தது. காசிம் பாயிடமே அனுப்பிவிட்டாரா?

அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. டிக் டிக் டிக் டிக். நின்றது. மறுபடியும் வேறு வேகத்தில் டிக் டிக்.

அந்த வீட்டில் கல்யாணப் பந்தி போடுவதற்கென்றே ஒரு ஹால் உண்டு. ஒரே வரிசையில் நூறு பேர் உட்காரலாம். தரை முழுக்க ஆத்தங்குடிப் பூக்கல். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது பூட்டித்தான் கிடக்கும். கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன்.

ஆச்சி சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்.

சேலையைத் தூக்கிச் செருகி, முதுகை நிமிர்த்தி, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்தார். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. சுவருக்கு முன்னால் அழகாக வளைத்துத் திருப்பிக்கொண்டு மறுபடி போனார். நான் ஹாஸ்டலில் விழுந்து எழுந்து பழகிய ஓட்டத்துக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இது ரோட்டில் ஓட்டிய கை.

மூன்றாவது சுற்றில் என் முன்னால் வந்து காலை ஊன்றினார். மூச்சு வாங்கியது. நெற்றியெல்லாம் வியர்வை.

"ஒண்ணுல சத்தமே இல்ல, கவனிச்சியா? ரெண்டுலயும் மூணுலயும்தான் டிக் டிக்குங்குது. அங்கயும் இப்படித்தான் இருந்துச்சு."

"ஆச்சி, நீங்க எங்க..."

"பினாங்குல. கல்யாணமாகி ரெண்டு வருஷம் அங்கதானே இருந்தேன். கடலோரமா ஒரு ரோடு, சாயங்காலம் அவுக ஒரு வண்டி, நான் ஒரு வண்டி. இது என் வண்டிதான் ராக்கு. பெரியவன் பெறக்க இங்குட்டு வந்தேன், திரும்பிப் போற மாதிரி அமையல. நான் வரலைன்னதும் வண்டிய அனுப்பிச்சுட்டாக."

"அப்பறம் ஏன் ஓட்டல?"

ஆச்சி சிரித்தார். "இந்தத் தெருவுலயா? ஓட்டத்தான் முடியல, எண்ணெயாவது விடுவோம்னு விட்டேன்."

ஆண்களின் சனிக்கிழமையில் செட்டியாருக்காக ஊற்றுகிறார் என்று நான் கட்டிய கணக்கும் பாதி தப்பு. ஆச்சி இத்தனை நாளும் தன் வண்டியைத்தான் பட்டினி போடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"நேத்து கோவம் ஓம்மேல இல்ல" என்றார், கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே. "பதினோரு வருஷத்துல ஒரு தடவ இதுல ஏறி ஒக்காந்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும்ல, கியரு விழலைன்னு. அந்தக் கோவம்."

பிறகு இறங்கி வண்டியை என் பக்கம் திருப்பினார். "நாளைக்கு எத்தன மணிக்குப் பொறப்படுவ?"

திங்கட்கிழமை

காற்று அன்றைக்கும் ஓயவில்லை. ஊரைத் தாண்டியதும் செம்மண் எழுந்து கண்ணில் விழுந்தது. இரண்டாம் கியருக்கு மாற்றினேன். லீவர் வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. எனக்குத் தானாகச் சிரிப்பு வந்தது, வாயைத் திறந்ததில் மண்ணும் உள்ளே போனது.

கண்மாய் மேடு வந்தது. ஒன்றுக்கு மாற்றினேன். மிதி சட்டென்று லேசானது. வண்டி நத்தையாகத்தான் ஏறியது, ஆனால் ஏறியது. பாதி மேட்டில் எப்போதும் இறங்கும் இடத்தில் கால் பழக்கத்தில் தரையைத் தேடியது. இறங்கவில்லை. கரைமேல் ஏறி நின்றபோது பள்ளிக்கூடத்து ஓடு தெரிந்தது. இறக்கத்தில் மூன்றுக்குப் போட்டு விட்டேன் ஒரு ஓட்டம்.

பெரிய டீச்சர் பதிவேட்டை அப்போதுதான் மேஜைமேல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். மணி ஒன்பதாகப் பத்து நிமிஷம் இருந்தது. முகமெல்லாம் செம்மண்ணோடு நின்ற என்னைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு மேட்டுல எறங்கித் தள்ளலையா?" என்றார்.

"தள்ளல டீச்சர், மிதிச்சே ஏறிட்டேன்."

ஜன்னல் வழியே பச்சைச் சைக்கிளைப் பார்த்தார். சிவப்புப் பேனாவை மூடி டிராயருக்குள் போட்டுவிட்டு, என் பக்கம் நீலப் பேனாவைத் தள்ளினார். மறுநாள் அவர் எழுதி அனுப்பிய நாலு வரியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தேன். அய்யா சட்டைப் பையிலிருந்த ஜாதகம் வெளுக்கப் போட்ட சட்டையோடு போய்விட்டதாக ஆத்தா சொன்னார். அது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

சாயங்காலம் ஆச்சி வீட்டுத் தெருவில் திரும்பினேன். ஆச்சி முகப்புப் படியில் நின்றுகொண்டிருந்தார். தெருவைப் பார்த்து அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"கையெழுத்துப் போட்டியா?"

"நீல மையில போட்டேன் ஆச்சி."

தலையை ஆட்டிக்கொண்டார். படியிறங்கி வந்து கைப்பிடியைப் பிடித்தார்.

"நகரு."

நகர்ந்தேன். எதிர் வீட்டு வாசலில் இரண்டு பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் ஒரு மாட்டு வண்டி நின்றது. ஆச்சி யாரையும் பார்க்கவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். முதல் கியரில் சத்தமில்லாமல் கிளம்பி, பத்தடி போனதும் மாற்றினார். டிக் டிக் என்று கேட்டது. பெரியவர்களின் பேச்சு நின்றது. மாட்டு வண்டிக்காரர் மாட்டை ஓரம் இழுத்து வழிவிட்டார்.

தெருக்கோடி வரை போய், திரும்பி வந்து என் முன்னால் நிறுத்தினார். நான் அழுதுகொண்டிருந்தேன், ஒளிக்கவில்லை. ஆச்சி அதைக் கண்டுகொள்ளாமல் என் கையில் வண்டியைக் கொடுத்தார்.

"வாரத்துல ஆறு நாளு ஒனக்கு. ஞாயித்துக்கெழமை வண்டி கேட்டு இங்குட்டு வந்துராத."